மாலைப்பொழுதைத் திருடுவோர்

தமிழ் எங்கே வாழ்கிறது? ஏட்டில் வாழ்கிறது என்பர் புலவர். மேடையில் வாழ்கிறது என்பர் அரசியலார். இரண்டும் அரை உண்மைகளே. ஒரு மொழி உண்மையில் வாழ்வது, உழைத்து வீடு திரும்பிய தாயும் தந்தையும் தம் பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு உண்டும் பேசியும் சிரித்தும் கழிக்கின்ற மாலைப்பொழுதில்தான். கதை சொல்லப்படுவதும் அங்கே. உறவுப் பெயர்கள் கற்பிக்கப்படுவதும் அங்கே. பழமொழி கைமாறுவதும் அங்கே. படிப்பகத்திற்கும் பொதுக்கூட்டத்திற்கும் கால்கள் கிளம்புவதும் அங்கிருந்தே.

அந்த மாலைப்பொழுது இன்று தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளியிடமிருந்து திருடப்பட்டு வருகிறது. திருடுவோர் இருட்டில் வருவதில்லை. 'வளர்ச்சி' என்று சொல்லிக்கொண்டு, 'முதலீடு' என்று முழங்கிக்கொண்டு, சட்டத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டப்பகலிலேயே வருகின்றனர். பொருளைத் திருடினால் மீட்கலாம். பொழுதைத் திருடினால் மீட்பதெங்ஙனம்?

இந்திய ஒன்றியத்தில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டிற்கே. ஒன்றியம் முழுவதும் ஆலைகளில் உழைக்கும் பெண்களை எடுத்துக்கொண்டால், 2019-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐவருள் இருவருக்கு மேல் தமிழ்நாட்டு ஆலைகளில் உழைத்தவர்கள். இந்த எண்களை ஆட்சியாளர் மார்தட்டிச் சொல்கின்றனர். சொல்லட்டும். ஆனால், அந்த எண்களுக்குள் இருக்கும் மாந்தர் எத்தனை மணி நேரம் உறங்குகின்றனர், எத்தனை நாள் தம் பிள்ளைகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கின்றனர் என்பதை எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பாவது சொல்கிறதா?

களைப்பு வேறு, நலிவு வேறு

உழைத்தவனுக்குக் களைப்பு வரும். அது இயல்பு. உண்டு உறங்கி எழுந்தால் அது போய்விடும். இன்று ஆலைகளில் காணப்படுவது அக்களைப்பு அன்று. உறங்கி எழுந்தாலும் போகாத அயர்வு. செய்யும் தொழிலின்மேல் கசப்பு. 'என்ன செய்து என்ன?' என்னும் வெறுமை; கை வேலை செய்ய, உள்ளம் அதினின்று விலகி நிற்கும் நிலை. 1974ஆம் ஆண்டில் நியூயார்க்கு உளவியலாளர் பிராய்தன்பெர்கர் என்பார் இந்நிலைக்கு எரிந்து தீர்தல் என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். 2019ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு ஓர் இடம் தந்தது. ஆனால் இதனை ஒரு நோய் என்று அது குறிக்கவில்லை. பணியிடத்தில் சரிசெய்யப்படாது நீடிக்கும் அழுத்தத்தால் விளையும் நிலை என்றே குறித்தது. இந்த வேறுபாடு பெரிது. குறை தொழிலாளியின் உடலில் இல்லை. அவனை வேலை வாங்கும் முறையில் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

தமிழில் இதனைப் பணிநலிவு எனலாம். தமிழ்மொழியே இதன் கரணியத்தையும் காட்டி நிற்கிறது. 'ஓய்தல்' என்னும் ஒரே சொல் இளைப்பாறுதலையும் குறிக்கும். வலுவிழந்து அடங்கிப் போதலையும் குறிக்கும். உரிய பொழுதில் ஓய்வு கொள்ளாதவன் உரிய பொழுதுக்கு முன்னரே ஓய்ந்து போகிறான்.

அவ்வாறு ஓய்ந்து போனவர் எத்தனை பேர்? உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டன. ஏழு நாள் கொண்ட ஒரு கிழமைக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,45,000 பேர் மூளைக் குருதிக்குழாய் நோயாலும் நெஞ்சாங்குலை நோயாலும் மாண்டனர் என்பது அக்கணக்கு. 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட இவர்களுக்கு மூளைத் தாக்கு வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. நெஞ்சாங்குலை நோயால் சாகும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. உடலின் இயல்பான உறக்கப் பொழுதைக் குலைக்கும் இரவுப் பணி புற்றுநோய்க்குக் கரணியமாதல் கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வகம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. சப்பானியர் மிகையுழைப்பால் வரும் சாவுக்குக் 'கரோசி' என்று தனிப்பெயரே இட்டு, 2014இல் அதனைத் தடுக்க ஒரு சட்டமும் இயற்றினர். தமிழ்நாட்டிலோ அத்தகைய சாவுக்குப் பெயரும் இல்லை; கணக்கும் இல்லை. 'திடீரென நெஞ்சுவலி' என்று ஒரு வரியில் அது முடிந்துவிடுகிறது.

எட்டு மணி நேரம் யார் தந்த கொடை?

எட்டு மணி நேர வேலை ஏதோ முதலாளிகள் மனமிரங்கித் தந்த கொடை என எண்ணுவோர் உளர். வரலாறு அதனை மறுக்கிறது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வோடு கிழமைக்கு ஒருநாள் ஓய்வும் அவர்களின் வேண்டுகை. வெள்ளை முதலாளி பணிந்தான். பணிந்த சில நாள்களுக்குள் சிதம்பரனாரை வெள்ளை அரசு சிறைப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது எத்தகைய விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியத் துணைக்கண்டத்தில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. அது தோன்றுவதற்கு முன்னின்ற குறை எது தெரியுமா? பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்கு நண்பகல் உணவுக்குத் தரப்பட்ட இடைவேளை போதவில்லை. உண்டு திரும்புவதற்குள் ஆலைக் கதவு சாத்தப்பட்டது. உண்ணும் பொழுதுக்காக எழுந்ததே முதல் தொழிற்சங்கம்! அத்தொழிலாளர்களின் முன்னே நின்றவர்களுள் ஒருவர் தமிழ்ப்பெரியார் திரு.வி.க. அவர் புலவர்க்கு ஒரு தமிழும் தொழிலாளர்க்கு ஒரு தமிழும் வைத்திருக்கவில்லை. தமிழும் தொழிலாளர் உரிமையும் ஒரே மேடையில் நின்றன. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் துணைக்கண்டத்தின் முதல் மே நாளைக் கொண்டாடினார்.

உலகநாடுகள் கூடி 1919இல் நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு 48 மணி என்று முடிவு செய்தபோது, வெள்ளையரால் ஆளப்பட்ட இந்தியாவுக்குக் கிழமைக்கு 60 மணி என்று தனி விலக்கு எழுதி வைத்தனர். வெள்ளைத் தொழிலாளியின் உடல் ஒன்று, கறுப்புத் தொழிலாளியின் உடல் வேறொன்று போலும்! அந்த வஞ்சகத்தையும் தொழிலாளர் போராட்டம் படிப்படியாக உடைத்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணியாலை ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி. 1922இல் 11 மணி. 1934இல் 10 மணி. 1946இல் 9 மணி, கிழமைக்கு 48 மணி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த 48 மணியை உறுதி செய்து, அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இருமடங்கு கூலி என்றது. ஒவ்வொரு படியிலும் 'ஆலைகள் மூடப்படும், தொழில் அழியும்' என்று முதலாளிகள் ஓலமிட்டனர். ஆலைகள் ஓடின. பெருகவும் பெருகின.

நூறாண்டுக்குப் பின் பன்னிரண்டு மணி

இவ்வாறு முன்னோர் குருதி சிந்தி இறக்கிய மணிக்கணக்கை மீண்டும் ஏற்றும் முயற்சி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே நடந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிதிறக்கும் சட்டத் திருத்தம் அங்கு நிறைவேற்றப்பட்டது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளில், அதாவது சிங்காரவேலர் கொண்டாடிய முதல் மே நாளின் நூறாம் ஆண்டு நிறைவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளர் நாளின் நூற்றாண்டில் தொழிலாளர்க்குக் கிடைத்த பரிசு, அவர்களிடமிருந்து பறிக்கவிருந்த ஒன்றைப் பறிக்காமல் விட்டதே!

அச்சட்டத்திற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட சொல்லாட்டு இது: 'கிழமைக்கு 48 மணி மாறவில்லை; நான்கு நாள் பன்னிரண்டு மணி உழைத்தால் மூன்று நாள் ஓய்வு.' கேட்கத் தேன்போல் இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் நஞ்சு புலப்படும். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குத் தொழிலாளர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து ஆலைப் பேருந்துகளில் வருகின்றனர். போகவர மூன்று மணி நேரம் என்று கொண்டால், பன்னிரண்டோடு மூன்று பதினைந்து. எஞ்சுவது ஒன்பது மணி. ஏழு மணி நேரம் உறங்கினால் மீதி இரண்டு. குளிக்க, சமைக்க, உண்ண, துணி துவைக்க, பிள்ளையை வளர்க்க, பெற்றோரைப் பேண எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே மணி! பெண்ணாயின் அந்த இரண்டு மணியும் அடுப்படியிலேயே கழியும். நான்கு நாள் விழித்துவிட்டு மூன்று நாள் உறங்கிக்கொள்ள உடல் என்ன வைப்பகக் கணக்கா? மேலும், அடிப்படைக் கூலி குறைவாக இருக்கும் நாட்டில், அந்த மூன்று நாளும் ஓய்வாக இராது. வேறொரு கூலி வேலையாகவே முடியும்.

திருப்பூருக்கு இதில் சட்டமே தேவைப்படவில்லை. அங்குள்ள பின்னலாடைத் தொழிலகங்களில் 'ஒன்றரை ஷிப்ட்டு' என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல். காலையில் நுழைந்தவர் இரவில் வெளிவருவது அங்கே விதிவிலக்கன்று; வாடிக்கை. சட்டம் ஏட்டில் எட்டு மணி என்னும். தொழிலகத்துக் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் நடுவணரசின் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவை நாளுக்கு எட்டு மணி என்னும் சொல்லை வைத்திருக்கின்றன. ஆயின், மின்விசையால் இயங்கும் ஓரிடம் தொழிற்சாலை எனக் கொள்ளப்படுவதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியிருக்கின்றன. பத்தொன்பது பேர் உழைக்கும் பட்டறை இனித் தொழிற்சாலையே அன்றாம்! மிகைநேரப் பணிக்குத் தொழிலாளியின் இசைவு வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. வேலை போய்விடும் என்னும் அச்சத்தில் தலையாட்டுவதற்குப் பெயர் இசைவா? ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளனும் 'இசையமாட்டேன்' என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆலைக் கதவைத் தாண்ட முடியுமா?

மங்கையரை விழுங்கும் ஆலைகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. வடசொல்லால் மங்கலப் பூச்சுப் பூசிய கொத்தடிமை அது. ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிக்குள் அடைத்தனர்; மாதந்தோறும் தர வேண்டிய கூலியில் பெரும்பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்றனர். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறிய பெண்களுள் பலர் அந்தத் தொகையையும் இழந்தனர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வரதட்சணைக்குப் பணம் சேர்க்கச் சொல்லியே பெண்ணின் இளமையை அடகு பிடித்தனர்! நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் 2011இல் இதனை ஆய்ந்து அறிக்கை வெளியிட்ட பின்னரே வெளிநாட்டுத் துணி வணிகர்க்கு வெட்கம் பிறந்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குப் பிறந்தது?

நூற்பாலையின் உள்ளே காற்றில் ஈரமும் வெப்பமும் தேக்கி வைக்கப்படுகின்றன, நூல் அறுந்துவிடக் கூடாதென்று. நூலுக்கு அத்தனை கவனிப்பு! அந்த வெக்கையில், பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்துக்கொண்டு, அறுந்த இழையை முடிய ஓடும் பெண்ணுக்கு என்ன கவனிப்பு? ஓய்வுநாள் கழித்துத் திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகுமாயின் அது பஞ்சுத்தூசி நோயின் தொடக்க அறிகுறி என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இழை அறுந்தால் ஓடி வந்து முடிய ஆள் உண்டு. பெண்ணின் நெஞ்சு இறுகினால் ஓடி வர ஆள் ஏது?

பழைய ஆலைதான் இப்படி, புதிய ஆலைகள் வேறு என்பார் உண்டு. 2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், திருப்பெரும்புதூரில் ஐபோன் இணைக்கும் பாக்சுகான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நெரிசலான அறைகளில் தரையில் படுத்துறங்கிய அப்பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆலை சில கிழமைகள் மூடிக் கிடந்தது. விலைமிகுந்த பேசியைச் செய்யும் கைகளுக்கு உறங்க ஒரு கட்டில் இல்லை! 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தி, 37 நாள் போராடினர். கூலியோடும் வேலை நேரத்தோடும் அவர்கள் முன்வைத்த தலையாய வேண்டுகை, தம் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே. ஒரு நூற்றாண்டுக்கு முன் பெரம்பூரில் நிலைநாட்டப்பட்ட உரிமையை மீண்டும் அகரத்திலிருந்து கேட்க வேண்டியிருந்தது!

ஆலைக்குள் தமிழ் எங்கே?

நலிவுக்கு நேரம் மட்டும் கரணியமன்று. தன் மொழி மதிக்கப்படாத இடத்தில் நாள் முழுதும் தலைகுனிந்து நிற்பதும் ஒரு நலிவே. பணியமர்த்த மடல் ஆங்கிலத்தில், கூலிச்சீட்டு ஆங்கிலத்தில், கையொப்பம் கேட்கும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொறியின்மேல் ஒட்டிய எச்சரிக்கை, அப்பொறி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டு மொழியில். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்க்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அறிவிப்புப் பலகைக்கு அவ்வளவாவது சொன்னார்கள். கையொப்பம் இடும் தாளுக்கு? தனக்குப் புரியாத தாளில் தன் மூன்றாண்டு வாழ்வை எழுதிக் கொடுப்பவனை உரிமைக் குடிமகன் என்பதா, விலைப்பொருள் என்பதா?

இவ்விடத்தில் ஒரு திசைதிருப்பலையும் அறுத்தெறிய வேண்டும். வடவர் வந்ததால்தான் கூலி குறைந்தது, வேலை நேரம் கூடியது என்று பழியை அப்படியே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் ஏழையின் தலையில் கட்டிவிட்டு முதலாளி நழுவப் பார்க்கிறான். தன் ஊரும் மொழியும் விட்டு வந்து, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் அவனும் மாலைப்பொழுதை இழந்தவனே. தமிழ்நாட்டு வேலையில் தமிழர்க்கு முதலுரிமை வேண்டும் என்பது முறையான உரிமைக் குரல். ஆனால், அக்குரல் பாய வேண்டியது மலிவான முதுகைத் தேடி அலையும் முதலாளியின்மீதும், அதற்குக் கதவு திறந்துவிடும் அரசின்மீதுமே அன்றி, இன்னொரு கூலியின்மீது அன்று.

சொல்லப்படும் சாக்குகள்

'தொழிலாளியே மிகைநேரப் பணி கேட்கிறான்' என்பர். கேட்கிறான்; ஏன் கேட்கிறான்? எட்டு மணி நேரக் கூலியில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அடங்காமையால் கேட்கிறான். பட்டினியை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னே நின்று 'அவன் விருப்பம்' என்பது கயமை.

'நேரத்தைக் குறைத்தால் முதலீடு வேறு மாநிலத்திற்குப் போய்விடும்' என்பர். மக்களின் உறக்கத்தை விற்றுத்தான் முதலீட்டை வாங்க வேண்டுமெனில், அந்த முதலீடு யாருக்கு?

'தமிழன் சோம்பேறியாகிவிட்டான்' என்போரும் உண்டு. 2025ஆம் ஆண்டு சனவரியில் பெருங்குழுமம் ஒன்றின் தலைவர், தம் பணியாளர் கிழமைக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வரவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். வீட்டிலிருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் வினவினார். மனைவி முகம் பார்ப்பதைக் குற்றமாக எண்ணும் அளவிற்குப் பணம் ஒரு மாந்தனின் கண்ணை மறைத்துவிட்டது! ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே உடலைப் பேணும் அளவு கூறி மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இல்வாழ்க்கையை அறத்தின் தலைவாயிலில் வைத்தார். உழைப்பை உயர்த்திய தமிழறம் உழைப்பவனை எரித்துக் குளிர்காயச் சொல்லவில்லை.

தமிழியக்கத்தின் கடன்

தமிழ்ப்பற்றாளர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பாரும் இருப்பர். அவர்களுக்கே இதில் முதல் வேலை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்து விழும் தாயின் பிள்ளை, தாய்மொழியை யாரிடம் கற்கும்? தொலைக்காட்சியிடமும் கைப்பேசியிடமும் கற்கும்; அவை கலப்பு மொழியையே கற்பிக்கும். பிறமொழிக் கலப்பைக் களைய நூறு நூல் எழுதலாம். எழுதிய நூலைப் படிக்க விழித்திருக்கும் கண்கள் வேண்டாவா? கூட்டத்திற்கு ஆள் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வோர், வரவேண்டியவன் எந்தப் பொறிமுன் நின்றுகொண்டிருக்கிறான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்னும் ஒன்று. ஆலை நடத்தி இலக்கிய விழாவுக்கு அள்ளிக் கொடுப்போரைத் 'தமிழ் வள்ளல்' என்று பொன்னாடை போர்த்தும் புலவர்கள், பொன்னாடையின் நூல் எந்தப் பெண்ணின் உறக்கத்தில் திரிக்கப்பட்டது என்று கேட்டுவிட்டுப் போர்த்தட்டும்.

ஆகவே, தமிழியக்கம் தன் வேண்டுகைகளோடு இவற்றையும் இணைத்து முழங்கக் கடமைப்பட்டுள்ளது: எட்டு மணி நேர வேலையில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழத்தக்க கூலி வேண்டும். போகவரும் பயண நேரத்தையும் எண்ணி வேலை நேரம் வகுக்கப்பட வேண்டும். மிகைநேரப் பணிக்கு மறுத்தவரைத் தண்டிப்பது குற்றமாக வேண்டும். பணி மடலும் கூலிச்சீட்டும் ஒப்பந்தமும் காப்பு அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். பிறமொழித் தொழிலாளி இருப்பின் அவன் மொழியிலும் அவனுக்கு விளக்கப்பட வேண்டும். ஆலை விடுதிகளைத் தொழிலாளரின் பெயராளர் உடனிருக்க அரசு ஆய்வு செய்ய வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமைக்கு எவனும் குறுக்கே நிற்றல் கூடாது.

தொழிலாளியின் பகலை முதலாளி கூலி கொடுத்து வாங்குகிறான். மாலையை அவன் வாங்கவில்லை. இரவை அவன் வாங்கவில்லை. மனைவி மக்களோடு பேசும் பொழுதை அவன் வாங்கவில்லை. வாங்காத பொருளை எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் ஒரே பெயர்தான் உண்டு, அது திருட்டு. திருடியவன் தானே திருப்பித் தந்ததாக எந்த நாட்டு வரலாறும் இல்லை. தூத்துக்குடியிலும் பெரம்பூரிலும் எழுந்து நின்றவர்கள் கேட்டுப் பெற்றார்கள். அவர்களின் பெயரர்கள் குனிந்தே நின்றால், அடுத்த தலைமுறைக்குத் தாலாட்டுப் பாடவும் ஒரு தாய் விழித்திருக்க மாட்டாள்.